இருமிய அசரீரி

எண்ணுக்கும் எழுத்துக்கும் எட்டாதவனாயினும், எண்களுக்கு நடுவே சிக்கித் தவிப்போர் கூப்பிட்டால் ஓடோடி வருபவனாகிய எம்பெருமானின் திருவடிகளை வணங்கி, இதைச் சொல்லத் தொடங்குவோம்.

மடிக்கணினியின் முன் டை கட்டி அமர்ந்திருந்த கணவனை மனைவி ஏற இறங்கப் பார்த்தாள். அவன் வேலை பார்த்த நிதி நிறுவனம் மூடப்பட்ட நாள்முதல், குடும்பம் அவளுடைய சம்பளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"போன இன்டர்வியூ மாதிரி, கேள்வி முடியறதுக்குள்ள பதிலைச் சொல்லிடாதீங்க."

"நான் என்ன ஓட்டப் பந்தயத்துலயா இருக்கேன்?"

"நீங்க ஓடலை. உங்க வாய் ஓடுது. இதுவும் கைவிட்டுப் போச்சுன்னா எங்க அண்ணனோட டயர் கடைதான். கல்லாவுக்குப் பக்கத்துல உங்களுக்கு நாற்காலியே போட்டு வெச்சிட்டாராம்."

"உங்கண்ணனுக்கு என்மேல எவ்வளவு நம்பிக்கை!"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சத்தம் கூடாதென்று மகளையும் இழுத்துக்கொண்டு, மாடி வீட்டுக்குப் போய்விட்டாள்.

திரையில் மேலாளர் தோன்றினார். அவருக்குப் பின்னால் தடித் தடியான புத்தகங்கள். இரு காதுகளையும் கவிழ்த்து மூடிய பெரிய ஹெட்போன். அதை மாட்டியவர்களுக்கே வாய்க்கும் உரத்த குரல். எதிராளி என்ன விடை சொன்னாலும், அதை வாய்விட்டுத் திருப்பிச் சொல்லியபடியே தட்டச்சு செய்வது அவர் வழக்கம்.

"மார்க்கெட்ல வட்டி விகிதம் ஏறுது. ஏற்கெனவே வெளியான கடன் பத்திரத்தோட விலை..."

"ஏறும் சார்!"

"விலை... ஏ... றும்..." என்று மேலாளர் தட்டினார். "சரி, அடுத்த கேள்வி..."

"லொக்! லொக்! லொக்!"

எங்கிருந்தோ ஓர் இருமல். சளி பிடித்த இருமல் அன்று. கடைசி வரிசையில் கதை பேசும் மாணவனைக் கப்சிப்பென்று ஆக்கும் இருமல். அவன் திடுக்கிட்டுப் பக்கவாட்டில் பார்த்தான். அந்தக் கணத்தில், தான் சொன்ன விடை அவன் காதிலேயே திரும்ப விழுந்தது.

'அடப்பாவி! இறங்குமென்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்?'

மேலாளர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். வாயை மூடிக்கொண்டிருந்தால், தவறு அப்படியே அமுங்கிப் போகவும் கூடும். ஆனால் தவறென்று தெரிந்த விடையை வயிற்றில் வைத்துக்கொண்டு அடுத்த விடையைச் சொல்ல அவனால் இயலவில்லை.

"சார், மன்னிக்கணும். முன்னால சொன்னது தப்பு. பழைய பத்திரம் ஆறு சதவீதம்தான் தரும். புதுசு எட்டு தருதுன்னா, பழசை அதே விலைக்கு எவன் வாங்குவான்? விலையைக் குறைச்சாத்தான் போணியாகும். அதனால இறங்கும் சார்."

"இறங்... கும்..." என்று தட்டிய விரல் நின்றது. மேலாளர் கண்களை இடுக்கினார். "திடீர்னு எப்படி ஞானோதயம்? கண்ணு வேற அந்தப் பக்கம் போச்சே. பக்கத்துல யாரு?"

"யாரும் இல்லை சார். ஒரு இருமல் கேட்டுச்சு. அதைக் கேட்ட பிறகுதான் தப்பு உறைச்சுது."

"இருமலா? எனக்குக் கேக்கலையே!"

"எனக்குக் கேட்டுச்சு சார்."

"வீட்டைக் காட்டுங்க."

அவன் மடிக்கணினியைக் கைக்குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு வீட்டைச் சுற்றினான். சமையலறையைக் காட்டினான். குளியலறையைக் காட்டினான். மேலாளர் கேட்டாரென்று கட்டிலுக்கு அடியிலும் குனிந்து காட்டினான். அங்கே மகளின் ஒற்றைச் செருப்பு ஒன்றுதான் இருந்தது; அது இருமுகிற வகையாகத் தெரியவில்லை.

அவனுக்கே உடம்பு சிலிர்த்துவிட்டது. வானிலிருந்து அசரீரி பேசும் என்று கேள்விப்பட்டிருக்கிறான். அதற்குத் தொண்டை கட்டும் என்று யாரும் சொன்னதில்லை.

"அப்ப இருமினது யாரு? சாமியா?"

"சத்தியமா தெரியாது சார். ஆனா அந்த இருமல் கேக்கலைன்னா நான் திருத்தியிருக்கவே மாட்டேன். அதை மறைக்க மனசு வரலை."

மேலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். குரலில் நீதிபதியின் தோரணை ஏறியது.

"தம்பி, நிதித்துறைக்கு முதல் தகுதி நேர்மை. அடுத்தவங்க சொல்லிக் கொடுத்து விடை சொல்றவங்களுக்கு எங்க ஆபீஸ்ல இடமே கிடையாது!"

அவன் கண்முன்னே டயர்கள் அடுக்கடுக்காக எழுந்தன. அழைப்பைத் துண்டிக்க மேலாளரின் கை நீண்டது.

அப்போது திரையின் ஓரத்திலிருந்து ஒரு வளைக்கரம் தோன்றி, மேலாளரின் ஒரு காதை மட்டும் ஹெட்போனிலிருந்து விடுவித்தது. கையைத் தொடர்ந்து, கண்ணாடி அணிந்த ஓர் அம்மையாரின் முகமும் வந்தது.

"இருமினது நான்தான். இருபது வருஷமா காலேஜ்ல இந்தப் பாடத்தை நடத்தறேன். தப்பான விடை காதுல விழுந்தா தொண்டை தானா கரகரங்குது. அந்தத் தம்பியை ஏங்க மிரட்டறீங்க?"

"நீ கொஞ்சம் உள்ள போ. அடுத்தவங்க உதவியோட விடை சொல்றவங்களுக்கு..."

"இடமில்லையா? அப்ப முதல்ல நீங்க ராஜினாமா எழுதுங்க. இன்னிக்குக் காலையில இதே கேள்விக்கு நீங்களும் 'ஏறும்'னுதானே சொன்னீங்க!"

மேலாளர் ஹெட்போனை முழுவதுமாகக் கழற்றி மேசைமேல் வைத்தார். நெடுநேரம் தொண்டையைச் செருமினார்.

"தம்பி... வேலையில எப்ப வந்து சேர முடியும்?"

வாய் தவறிய இடத்தில் மனம் தவறாதிருக்கும் துணிவும், தக்க தருணத்தில் இருமுவதற்கு ஒரு நல்ல உயிரும், இதைக் கேட்போர் அனைவருக்கும் இறையருளால் வாய்க்கட்டும். வாழ்க, வளர்க.