பின்வரிசை முகம்

துறை இயக்குநர் ஹேல் தொண்டையைச் செருமிக்கொண்டு மைக்கை அருகில் இழுத்தபோது, அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்த மார்லிஸ் தன் முகத்தை இறுக்கிக்கொண்டாள்.

சாட்சி சொல்பவருக்குப் பின்னால் உட்காருவதற்கென்று வாஷிங்டனில் ஒரு முறை இருக்கிறது. தலையாட்டக் கூடாது. புருவம் உயரக் கூடாது. கேமராவில் அவர் காதுக்குப் பக்கத்தில் உங்கள் முகம் தெரியும். அந்த முகத்தில் எதுவும் தெரியக் கூடாது.

"மூக்கு அரிச்சாலும் சொறியாத," என்று உள்ளே வரும்போதே சொல்லிவிட்டான், அவளோடு வேலை பார்க்கும் பக்கத்து நாற்காலி கார்டெல். "செத்த மாதிரி உக்காரு மார்லிஸ். கண்ண மட்டும் தொறந்து வச்சுக்க."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

எதிரே உயரமான மேடையில், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் கண்காணிப்புத் துணைக்குழு. விசாரணை மூச்சு இயந்திரங்களைப் பற்றியது. நுரையீரல் கெட்டுப்போன சுரங்கத் தொழிலாளிகளின் வீடுகளுக்கு அவளுடைய துறை இலவசமாக அனுப்பியவை. கரண்ட் போனால் அலறி எழுப்ப வேண்டிய மணி, சில இயந்திரங்களில் அலறவில்லை.

தூங்கியவர்கள் அப்படியே போய்விட்டார்கள்.

மார்லிஸ் போன மார்ச்சிலேயே சொன்னாள். ஹேல் மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, அவர் மேசை முன்னால் நின்று சொன்னாள். பார்க்கலாம் என்றார். கோடையில் மறுபடியும் போய் நின்றாள். அதற்கும் பார்க்கலாம்தான்.

இந்நேரம் மேற்கு வர்ஜீனியாவில் அவளுடைய அண்ணன் டென்வர், அதே இயந்திரத்தின் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருப்பான். நிலக்கரித் தூசி நுரையீரலைத் தின்பதற்கு முன்பே, சுரங்கத்து இரைச்சல் அவன் காதுகளைத் தின்றுவிட்டது. டிவியில் சத்தமே வைப்பதில்லை. ஆட்களின் உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்வான்.

காலையில் அவனிடமிருந்து செய்தி வந்திருந்தது. "தெருவுல பாதிப் பேரு நம்ம வீட்லதான். என் தங்கச்சி ஒருத்திதான் அன்னிக்கே சொன்னான்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். அந்த ஆள யாரு பாக்கப் போறா? உன் மூஞ்சியத்தான் பாத்துட்டு இருப்போம்."

படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

குழுத் தலைவி யாஸி முன்னால் குனிந்தார். "சுத்தி வளைக்க வேண்டாம் சார். மணி அடிக்கலன்னு உங்க ஆபீஸ்ல யாராவது முன்னாடியே சொன்னாங்களா?"

முன்னால் ஹேலின் அகலமான முதுகு. பின்னால் பத்திரிகைக்காரர்களின் முழங்கால்கள் அவள் நாற்காலியை இடித்துக்கொண்டிருந்தன. எழுந்து போக வழியில்லை. மைக் அவளுடையது இல்லை. சத்தியம் செய்தவளும் அவள் இல்லை. இந்த வேலை போய்விட்டால், இயந்திரங்களை மாற்றுங்கள் என்று உள்ளே இருந்து தொணதொணக்க ஒரு ஆள்கூட மிஞ்ச மாட்டார். பல வாரங்களாக இதைத்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஹேல் கோப்பைப் புரட்டினார்.

இப்போது கண்ணாடியைச் சரிசெய்வார் என்று மார்லிஸ் நினைத்தாள். சரிசெய்தார். இப்போது ஒரு மூச்சு விடுவார். விட்டார்.

"நவம்பருக்கு முன் எங்கள் துறையில் எவருக்கும் இந்தக் குறை தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு நாளும் தாமதித்திருக்க மாட்டோம். உயிரிழந்த ஒவ்வொருவரும் எங்கள் குடும்பத்தில் ஒருவர்."

நல்ல வாக்கியங்கள். அறை ஒரு கணம் அமைதியானது. அந்த இடத்தில் அமைதியாகும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

கார்டெலின் முழங்கை அவள் விலாவில் குத்தியது.

"உதடு," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "உதடு ஆடுது!"

சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

மடியில் போன் அதிர்ந்தது. குனிந்து பார்ப்பதும் கூடாதுதான். பார்த்தாள்.

"அந்த ஆளு வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே நீ சொல்லிட்டியே மார்லி."

அவள் கட்டைவிரல் போனின் மேல் அப்படியே நின்றது. மறுபடி அதிர்ந்தது.

"எழுதிக் குடுத்தது நீதானா?"

போனைக் கைக்குள் மூடிக்கொண்டு நிமிர்ந்தாள். மேடைக்கு அருகே கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம், சத்தமில்லாத ஒரு டிவியின் முன்னால், மூக்கில் குழாயோடு டென்வர் அவள் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தான்.

"திரும்பவும் கேக்கறேன் சார்," என்றார் யாஸி. "யாராவது சொன்னாங்களா?"

அந்தக் கேள்வி மார்லிஸின் காதில் விழவே இல்லை. சிவப்பு விளக்கை நேராகப் பார்த்து, தன் அண்ணனுக்கு, மெதுவாக ஒரு முறை தலையசைத்தாள்.

மேடையில் யாஸி பேனாவைக் கீழே வைத்தார். அவருடைய பார்வை ஹேலின் காதைத் தாண்டிப் பின்வரிசைக்கு வந்து, அங்கேயே நின்றது.