அரை விரல் இடைவெளி

புதுச் சுவர் நேராக எழுந்திருக்கிறதா என்று பார்க்க, மேஸ்திரி நூலில் கட்டிய தூக்குக்குண்டை மேலிருந்து இறக்கினார். அடியில் அரை விரல் இடைவெளி தெரிந்தது. சுவர் பதறிப்போய்க் குண்டிடம் கெஞ்சியது.

“அண்ணே, கொஞ்சம் என்னோடு ஒட்டிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நாலு வரிசையை இடித்துவிடுவார். பூச்சு பூசினால் யாருக்குத் தெரியப்போகிறது?”

“உன்மேல் கூரை ஏறும், தம்பி. அதன் கீழே குழந்தைகள் தூங்கும். ஒட்டமாட்டேன்.”

காற்று வீசியது. குண்டு ஆடியது.

“ஊருக்கெல்லாம் நேர் பார்க்கிறவர் ஆடுகிற ஆட்டத்தைப் பாருங்கள்!” என்று சுவர் சிரித்தது.

“நிற்கும்வரை பொறு.”

மேஸ்திரியும் பொறுத்தார். குண்டு நின்றது, அதே அரை விரல் தள்ளி. நாலு வரிசையும் கீழே வந்தன.

திரும்பக் கட்டியதும் குண்டு மறுபடி இறங்கியது. இம்முறை சுவரைத் தொட்டும் தொடாமலும் நின்றது.

“இப்போது மட்டும் ஒட்டுகிறீர்களே, அண்ணே!”

“நான் எங்கே வந்தேன்? நீதான் வந்திருக்கிறாய்.”