வெயிலில் வைத்த பெரணி

கல்லறைத் தோட்டத்தில் ஒரு மரம்கூட இல்லை. உச்சி வெயிலில் இன்னாசி குடை பிடித்து நிற்கிறார், ஆனால் குடையின் நிழல் அவர்மேல் விழவில்லை. மனைவி சென்னம்மாளின் தலைமாட்டில் ஒன்பது நாளுக்கு முன் அவர் நட்ட பெரணியின்மேல் விழுகிறது. சித்தேரி மலை ஓடையோரத்திலிருந்து ஈரச்சாக்கில் சுற்றி அவள் கொண்டுவந்த செடி அது. வீட்டுப் பலாமரத்தடியில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அவள் பார்த்துப் பார்த்து வைத்த இடத்தில், முழங்கால் உயரத்துக்குத் தழைத்திருந்தது. அவளோடு இருக்கட்டும் என்று இவர்தான் வேரோடு பெயர்த்து வந்தார். இப்போது இலைகளெல்லாம் காய்ந்து சுருண்டு, தொட்டால் நொறுங்குகின்றன. நடுவில் மட்டும் ஒரே ஒரு பச்சைக் குருத்து, குழந்தை மடக்கிய விரலைப்போல, இன்னும் விரியாமல் இருக்கிறது. மகள் பூவிழி குடத்தைச் சாய்க்கிறாள். ஊற்றிய தண்ணீரைச் செம்மண் சொய்யென்று குடித்துவிடுகிறது. "நெழல்ல வளர்ற செடிப்பா இது. வூட்டுக்கே கொண்டுபோயி பழைய எடத்துல வெச்சிரலாம், பொழச்சுக்கும்." கை கடுக்க, இன்னாசி குடையை மறுகைக்கு மாற்றுகிறார். அதற்குள் குருத்தின்மேல் வெயில் பட்டுவிடுகிறது. பதறி நிழலை இழுத்து மூடுகிறார். "செடி வூட்டுக்கு வந்துரும்மா," என்கிறார். "உங்கம்மா?"