ஈரம் ஆகாத செடி

கையும் களவுமாகப் பிடித்துவிட்டார் பெரியவர். அவர் திறந்துவிட்டுப் போன தோட்டக் குழாயை, வேலி தாண்டி வந்து மூடிக்கொண்டிருந்தான் பக்கத்து வீட்டு மச்சான்.

"யாரது? சாட்சிக் கையெழுத்தா?"

பெரியவரின் மகள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கொண்டபோது சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் அவன். அன்றோடு பேச்சுவார்த்தை அறுந்தது. பேர்கூடச் சொல்வதில்லை; 'சாட்சிக் கையெழுத்து'தான்.

மகளையும் அன்றைக்கே தண்ணி தெளித்து விட்டாச்சு என்று கண்டவரிடமெல்லாம் சொல்லிவிட்டார். ஆனால் அவள் நட்டுவிட்டுப் போன நீலப் பூச்செடிக்கு மட்டும் காலையும் மாலையும் தண்ணி.

அது என்னவோ, ஊற்ற ஊற்ற இலை மஞ்சளடித்தது. ஒரு மொட்டு இல்லை. பூத்துவிட்டால் அவளே வாசலில் வந்து நின்ற மாதிரி என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு. வெளியே சொன்னால் மானம் போய்விடும்.

இப்போதல்லவா விஷயம் தெரிகிறது!

"செடி உன்னை என்னடா பண்ணிச்சு? காயப்போட்டுக் கொல்றியே, உருப்படுவியா?"

"காஞ்சாதான் அத்தான் அது பூக்கும். வெயில் தின்னு வளர்ற ஜாதி. உங்க தண்ணியிலதான் வேர் அழுகுது. நீங்க உள்ள போனதும் ஓடி வந்து மூடுவேன். சில நாள் அதுக்குள்ள குளமாயிடுது."

"பெரிய தோட்டக்காரன். யார் சொன்னா உனக்கு?"

மச்சான் தலையைச் சொறிந்தான்.

"நட்டவதான்."

எங்கேயோ இருக்கிறவளுக்கு இங்கே செடி மஞ்சளானது எப்படித் தெரியும் என்று கேட்டார். தினமும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று போனில் படம் எடுத்து அனுப்புவதாக ஒத்துக்கொண்டான் மச்சான்.

சுருக்கென்றது அவருக்கு. பெற்றவன் இருக்கிறானா செத்தானா என்று ஒரு வார்த்தை இல்லை, செடிக்கு மட்டும் தினம் ஒரு படமா? பெருமூச்சை அடக்கிக்கொண்டு உறுமினார்.

"தண்ணி ஆகாதுன்னு தெரியுமில்ல? அதை என்கிட்ட அப்பவே சொல்லித் தொலைச்சா என்ன?"

"சொல்லக்கூடாதுன்னுட்டா அத்தான். தண்ணி ஊத்தற வேலை இல்லைன்னா நீங்க செடிகிட்ட வரமாட்டீங்களாம். அப்புறம் படத்துல அவ யாரைப் பார்ப்பா?"