யாரைக் கூப்பிட்டாள்

கிழட்டு நாய் பொம்மனுக்குக் காது மந்தமாகிவிட்டது. வீட்டம்மாளின் குரல் எட்டும், சொல்தான் பிடிபடாது. அவள் பால்காரரைக் கூப்பிட்டாலும், பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டாலும் எழுந்து ஓடும். அவள் கையை வீசி விரட்டுவாள். திரும்பி வந்து படுத்துக்கொள்ளும்.

“உனக்கு வெட்கமே கிடையாதா?” என்றது காதோரம் படுத்திருந்த பூனை சீனி.

“போகாமல் கிடந்து, ஒருவேளை என்னைத்தான் கூப்பிட்டிருந்தால்?”

அன்று முழுக்கச் சீனி காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தது. பொம்மனின் பெயரை அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

சாயங்காலம் அடுப்படியிலிருந்து குரல் வந்தது. “சீனி, மீன் வச்சிருக்கேன், வா!”

பொம்மன் இந்த முறை ஓடவில்லை. தயங்கிச் சீனியைப் பார்த்தது. “என்னையா?”

மீன் வாசனை கூடம்வரை வந்துவிட்டது.

“உன்னைத்தான், பெருசு. ஓடு” என்றது சீனி. பிறகு, அவள் தேடினாலும் அகப்படாதபடி கட்டிலுக்கடியில் போய்ப் பதுங்கிக்கொண்டது.