நிஜமான ஓட்டம்

“சுவத்துல மோதினா பந்து மாதிரி துள்ளிட்டு ஓடுது. அதெல்லாம் ஒரு காரா? பச்சப்புள்ள விளையாட்டு!”

ஹயாசேவின் உதடு ஏளனமாகக் கோணியது. ஒசாகாவின் ஒரு வீடியோ கேம் மையத்தில் அவன் நண்பன் நிஷினோ அப்போதுதான் நாலு கார்ப் பந்தயம் ஜெயித்துவிட்டு வந்திருந்தான்.

“ஜாலிக்குத்தானேடா.”

“ஜாலியாம், ஜாலி! என் வீட்டுல ஆடுறேனே, அதுல டயர் தேயும், பிரேக் சூடாகும். ஒரு தடவை மோதினா கதை முடிஞ்சுது. அதுதான்டா நிஜம்! நகரு, ஓட்டுறதுன்னா என்னன்னு காட்டுறேன்.”

நிஷினோ அரைமனதாக இடப்பக்க இருக்கைக்கு நகர்ந்தான்.

“பாத்துக்க. வளைவுக்கு முன்னாடியே பிரேக். அப்புறம் நைசா ஒரு திருப்பு...”

டமால்!

ஹயாசே அலட்டிக்கொள்ளவே இல்லை. வீட்டில் மோதும்போதெல்லாம் செய்து பழகிய கை, ஸ்டியரிங்கின் நடுவே அழுத்தியது. ‘பாம்ம்’ என்று அலறியது. மறுபடி அழுத்தினான். மறுபடி அலறியது.

மையத்துக்கு வெளியே, வாகன நிறுத்தத்தின் ஓரம் நசுங்கி நின்ற பானம் விற்கும் இயந்திரத்திலிருந்து காப்பி டப்பாக்கள் ஒவ்வொன்றாக உருண்டு வந்தன.

“அது ஹாரன்டா, பெரிய நிஜக்காரனே!” என்று பல்லைக் கடித்தான் நிஷினோ. “முதல்லேருந்து ஆடுறதுக்கு என் புதுக் கார்ல பொத்தான் கிடையாது!”