தீர்ந்துபோன கஞ்சி

பித்தப்பையை எடுத்த பிறகு மனோகரனின் வயிறு கெட்டது. சாப்பிட்ட கை காயுமுன் கக்கூசுக்கு ஓட்டம். சர்க்கரை வேறு ஏறிவிட்டது.

டாக்டர் விளக்கினார். பை இருந்தவரை பித்தம் வேளை பார்த்து இறங்கியது. இப்போது ஓயாமல் சொட்டுகிறது. குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் அதில் நிலைகுலைந்துவிட்டன. சர்க்கரை ஏறுவதில் அதற்கும் பங்கு உண்டு. கொழுப்பை நிறுத்துங்கள், பருப்பு, வெந்தயம் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து அந்தக் கிருமிகளைத் தேற்றுங்கள் என்றார்.

"கிருமிக்கு விருந்து வெக்கணுமாம்" என்று முனகிக்கொண்டே வீடு வந்தார். மனைவி அஞ்சலையிடம் ஒரே கண்டிப்பு. "வயித்து சமாசாரம் வெளிய போவக் கூடாது. மானம் பூடும்."

நோன்பு பிறந்தது. பூந்தமல்லி மசூதியில் கஞ்சி காய்ச்சி ஊற்றுவது உஸ்மான் கனி. திருமழிசையில் இருவரும் ஒரே பட்டறையில் லேத் பிடித்தவர்கள். அப்போதெல்லாம் நோன்பு திறக்கும் பாங்கு கேட்டதும் இரும்புச் சுருள் குவியலுக்குப் பக்கத்தில் உட்காருவார்கள். தூக்கு மூடியில் கஞ்சியை ஊற்றிக் கனி முதலில் நீட்டுவது மனோகரனுக்கு. நாளெல்லாம் பட்டினி கிடந்தவன் நீ, முதலில் குடி என்றால் கேட்க மாட்டார். எண்ணெய்ப் பிசுக்கும் புதினாவும் கலந்த அந்த வாசம் இன்னும் மூக்கில் இருந்தது.

கறியும் நெய்யும் சேர்ந்த கஞ்சிதான், வயிறு போனால் போகட்டும் என்று தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வரிசையில் முறை வந்தது. கனி நிமிர்ந்து பார்த்தார். அகப்பையை அண்டாவுக்குள் போட்டார்.

"தீந்துபோச்சு மனோகரா. ஊட்டுக்குப் போ."

அண்டாவில் ஆவி பறந்துகொண்டிருந்தது. பின்னால் நின்றவருக்கு ஊற்றினார்.

காலித் தூக்கோடு திரும்பினார் மனோகரன். அதோடு பேச்சு நின்றது. கனி எதிரே வந்தால் தெரு மாறினார்.

அன்று முதல் சாயங்காலம் அஞ்சலை அவர் முன் கஞ்சி வைத்தாள். கறி இல்லை, நெய் இல்லை. அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், புதினா. வயிறு கொஞ்ச நாள் முரண்டு பிடித்தது. பிறகு வழிக்கு வந்தது. நோன்பு மாதக் கடைசியில் பார்த்தால் சர்க்கரையும் இறங்கியிருந்தது. இதையே விடாதீர்கள் என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் மனோகரன் சொன்னார்: "கட்டினவ கைதான் கடைசி வரைக்கும். அவனும் கீறானே, சிநேகிதன்னு."

அஞ்சலை நின்றுவிட்டாள்.

"நாளைக்குப் பெருநாள். இனிமே கஞ்சிக்கு இன்னா பண்றதுன்னு நானே தெகைச்சுக்கினு கீறேன்."

"நீதானே காய்ச்சறே?"

"எனக்கேது அந்தப் பக்குவம்? உன் வயித்து சேதிய நான்தான் சொல்லிட்டேன். திட்டறதுன்னா திட்டு. நோன்போட நின்னு, உனக்குன்னு தெனம் தனிப் பானை வெச்சாரு. விசயம் தெரிஞ்சா நீ கூசுவேன்னு, வாயத் தொறக்கக் கூடாதுன்னாரு. அண்டாவுல கை வெக்கறதுக்கு முன்னாடி என் தூக்குல ஊத்திட்டு, 'மொத அகப்பை எப்பவும் அவனுக்குத்தாம்மா'ன்னுவாரு, கனி அண்ணன்."